இரண்டரை சென்ட் கணக்கு

(புள்ளியியல் தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, ஜமாபந்தி வேலைகளுக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, பொன்னாடை வாங்கி வந்தும் போர்த்த இடம் கிடைக்காமல் நிற்கும் நம் உழவர் சங்கப் பொருளாளர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

சராசரி, மாதிரி, காரணம் என்று மூன்று செய்திகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். எத்தனை தேறும் என்று பார்ப்போம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் சொல்லாத கூட்டம் கிடையாது. இன்றைக்கும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஜூன் 29, இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் பிறந்த நாள். வங்கத்துச் சணல் சாகுபடியை மாதிரி எடுத்து அளந்து காட்டிய மேதை. அவர் போட்ட பாதையில்தான் நம் வயலுக்கு அறுவடைப் பரிசோதனை வருகிறது: குலுக்கலில் விழுந்த சில வயல்களில் மட்டும் அறுத்து எடைபோட்டு, ஊர் முழுதின் விளைச்சலைக் கணிப்பது. பயிர்க் காப்பீட்டில் நம் தலையெழுத்தை எழுதுவது அதுதான்.

கடைமடையில் சில வருஷங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஆற்றுத் தண்ணீர் வந்து சேரவில்லை. சம்பா கதிர் பதராகி நிற்கிறது. பரிசோதனைக்கு அதிகாரி வந்தார். குலுக்கலில் விழுந்த புல எண் யாருடையது? போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, வைத்திருப்பவருடையது! பயிர் தளதளவென்று நிற்கிறது. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, தராசில் வைத்தார்கள். வரப்பில் நின்ற பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், மாப்பிள்ளை வயிறு நிறைஞ்சா ஊருக்கே பசி போயிடுமா?" அதிகாரி தலையைச் சொறிந்தார்: "பெரியவரே, நம்பர் இங்கதான் விழுந்திருக்கு, நான் என்ன செய்ய?" பெரியவர் விடவில்லை. "அப்போ நம்பருக்கே இழப்பீடு குடுத்துடுங்க!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், போர்க்காரரும் சேர்ந்துதான். இழப்பீடு மட்டும் வரவில்லை. ஏட்டில் ஊர் விளைந்துவிட்டது. ஏட்டுச் சுரைக்காய்!

அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இரக்கப்பட்டு வேறு வயலுக்குப் போயிருந்தால் அது இன்னும் பெரிய தப்பு. இன்றைக்குப் பதர் வயலைக் கையால் பொறுக்கலாம் என்றால், நாளைக்கு விளைந்த வயலையும் பொறுக்கலாம். குலுக்கல் வேண்டும். ஆனால் எதை வைத்துக் குலுக்குகிறோம்? ஊருக்கு நான்கு பரிசோதனை. ஒவ்வொன்றும் 25 சதுர மீட்டர்; நான்கும் சேர்ந்து இரண்டரை சென்ட் கூட இல்லை. அதில் இரண்டு போர் வயலில் விழுந்தால் சராசரி ஏறிவிடும். சராசரி, உத்தரவாத மகசூலை, அதாவது இழப்பீட்டுக்கு வைத்த வரம்பைத் தாண்டிவிட்டால் பிரீமியம் கட்டிய ஒருவருக்கும் காசு கிடையாது.

மாதிரி பெரிதாக இருந்தால் சரியாகிவிடும் என்பீர்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில், யாருக்கு ஓட்டு என்று சீட்டு அனுப்பிக் கேட்ட ஒரு பத்திரிகைக்குச் சுமார் 24 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள். அதை வைத்து, வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று அந்தப் பத்திரிகை எழுதியது. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். டெலிபோனும் காரும் வைத்திருந்த வசதிக்காரர்களின் பட்டியலை வைத்துச் சீட்டு அனுப்பினால் வேறென்ன நடக்கும்? அங்கே கார், இங்கே போர். ஒரு வித்தியாசம், அவர்கள் பட்டியலே கோணல். நம் பட்டியல் நேர்தான், நான்கே சீட்டு எடுப்பதால் அதிர்ஷ்டம் ஆள்கிறது.

ஆகவே எங்கள் சங்கம் கேட்பது இதுதான். போர்ப் பாசன வயலையும் ஆற்றுப் பாசன வயலையும் தனித்தனியாகப் பிரித்துக் குலுக்குங்கள்; இழப்பீட்டையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலிலேயே பாசன விவரம் இருக்கிறது, புதிதாக யாரும் அலைய வேண்டாம். எந்தப் புல எண், என்ன பாசனம், எத்தனை கிலோ என்பதைக் கிராம சபையில் உரக்கப் படியுங்கள். மறைத்து வைத்த கணக்கும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

மூன்றாவது செய்தியைத் தொடங்கினால் முதல்வர் அம்மா மணியடித்துவிடுவார்கள். அது அடுத்த வருஷத்துக்கு. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கான தீர்மான வரைவு வாசல் மேஜையில் இருக்கிறது. பட்டாதாரர்கள் புல எண்ணையும் பாசனத்தையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வட்டாட்சியர் அவர்கள் கிளம்புவதற்குள் ஒரு நகலை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நன்றி, வணக்கம்.