உபுண்டுவில் புதிய ஜிசிசி: பழையதைத் தொடாமல்

[திரையில்: காலியான வைஃபை பட்டியல்]

வணக்கம். ஜிசிசி என்பது சி, சி++ நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர். காட்பாடியில் நான் நடத்தும் சி++ வகுப்பில் அடிக்கடி எழும் கேள்வி: "சார், பழைய ஜிசிசியை நீக்கிவிட்டுப் புதியதைப் போடலாமா?" கூடாது. நான் அதைச் செய்து பார்த்தவன்.

உபுண்டு 22.04-இல் இயல்பாக வருவது ஜிசிசி 11. எனக்கு 12 தேவைப்பட்டது. 12-ஐ நிறுவினேன், 11-ஐ நீக்கினேன். கூடவே எவையெல்லாம் போகும் என்று, மென்பொருளை நிறுவவும் நீக்கவும் உதவும் ஏப்ட் ஒரு பட்டியல் காட்டியது. அதை யார் படிக்கிறார்கள்? 'ஒய்' அழுத்தினேன். இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. பிறகு இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குப் புதிய பதிப்பு வந்தது. என் வைஃபை டிரைவரை ஒவ்வொரு கர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவிதான் புதிதாகக் கம்பைல் செய்து தரும். அது ஜிசிசி என்று கூப்பிட்டது. அந்தப் பெயரில் யாரும் இல்லை. மறுநாள் வைஃபை போயிற்று. கம்பைலரை நிறுவ இணையம் வேண்டும், இணையம் வரக் கம்பைலர் வேண்டும். கத்திரி வெயிலில் கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்துத்தான் கரையேறினேன்.

[திரையில்: கோட்டைக் கோயில் கோபுரம், அடுத்து டெர்மினல்]

ஜிசிசி என்ற பெயரில் இருக்கும் கோப்பு உண்மையில் கம்பைலர் அன்று. ஜிசிசி-11 என்ற கோப்பை நோக்கிக் கை காட்டும் ஒரு சிம்லிங்க். வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜலகண்டேஸ்வரர் கோயில் கோட்டைக்குள், ஆனால் 1981 வரை சுவாமி இருந்தது சத்துவாச்சாரியில். பெயர் ஓரிடம், ஆள் ஓரிடம். நான் பெயரையும் சேர்த்து அழித்துவிட்டேன்.

ஆகவே சி-க்கான ஜிசிசி-12, சி++-க்கான ஜி++-12 இரண்டையும் ஏப்ட் வழியாக நிறுவுங்கள். 11 அதன் பாட்டுக்கு இருக்கட்டும். இரண்டும் சண்டை போடாது.

[திரையில்: சிசி, சிஎக்ஸ்எக்ஸ் மாறிகள்]

ஒரு புராஜெக்டுக்கு மட்டும் புதியது போதும் என்றால், சிசி மாறியில் ஜிசிசி-12, சிஎக்ஸ்எக்ஸ் மாறியில் ஜி++-12 என்று கொடுத்துக் கட்டுங்கள். என் ஓட்டு இதற்கே. புராஜெக்டைக் கட்ட சிமேக் கருவியைப் பயன்படுத்துபவர்கள் பழைய பில்ட் கோப்புறையை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். முதலில் கண்ட கம்பைலரை அது நினைவில் வைத்திருக்கும்.

கணினி முழுவதற்கும் மாற்றியே தீர வேண்டுமா? ஒரு பெயர் எந்தப் பதிப்பைக் காட்ட வேண்டும் என்று மாற்றித் தரும் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளை இருக்கிறது. அதில் 12-ஐ மட்டுமன்றி 11-ஐயும் பதிவு செய்யுங்கள். திரும்பி வர வழி அதுதான். ஜி++-ஐ 'ஸ்லேவ்' ஆகச் சேர்த்தால் இரண்டும் ஒன்றாக மாறும்.

[திரையில்: ப்ராக் அடைவிலுள்ள வெர்ஷன் கோப்பு]

மாற்றுவதற்கு முன் இந்த வரியைப் பாருங்கள். உங்கள் கர்னல் எந்தக் கம்பைலரில் கட்டப்பட்டது என்று இது சொல்லும். 22.04-உடன் வந்த 5.15 கர்னல் ஜிசிசி 11-இல் கட்டியது. பின்னால் அதே பதிப்புக்கு வந்த 6.5, ஜிசிசி 12-இல். டிரைவர்களைக் கட்டும்போது இந்தப் பொருத்தம் முக்கியம்.

பழைய சி நிரல் திடீரென அடம்பிடித்தால் கம்பைலரைத் திட்டாதீர்கள். ஹெட்டரில் 'எக்ஸ்டர்ன்' இல்லாமல் அறிவித்த பொது மாறியை இரண்டு கோப்புகளில் சேர்ப்பதை ஜிசிசி 10 முதல், கம்பைல் ஆன கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் ஏற்பதில்லை. அறிவிக்காத சார்பை அழைத்தால் 14-இல் எச்சரிக்கை இல்லை, நேராகப் பிழைதான்.

இப்போது டெர்மினலில் ஜிசிசி, ஜி++ இரண்டின் பதிப்பையும் கேளுங்கள். எண்கள் வேறுபட்டால், ஸ்லேவ் வரியை விட்டுவிட்டீர்கள்.