தேளுக்கு யார் மேல் கோபம்?

வணக்கம். இங்கே இருக்கிற விருச்சிக ராசிக்காரர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டால் பாதிப் பேர் தூக்க மாட்டார்கள், ஏனென்றால் தூக்கினால் பக்கத்து நாற்காலிக்காரர் கொஞ்சம் தள்ளி உட்காருவார் என்று அவர்களுக்குத் தெரியும். நானும் விருச்சிகம்தான், அனுஷம், அந்தப் பார்வை எனக்குப் பழகிப்போய்விட்டது. "அழுத்தமான ஆளு, எதையும் மனசுல வச்சுக்கிட்டே இருப்பாங்க, நேரம் பார்த்துப் போட்டுடுவாங்க." இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

முதலில் கதை, கிரேக்கர்கள் சொன்னது. ஓரியன் என்று ஒரு வேட்டைக்காரன், ஆள் மலை மாதிரி இருப்பான். பூமியில் இருக்கிற அத்தனை விலங்கையும் ஒருத்தனாகவே கொன்று தீர்த்துவிடுவேன் என்று ஒருநாள் வாய்ச்சவடால் விட்டான். அது பூமித்தாய் கையாவின் காதில் விழுந்துவிட்டது. அவள் சிங்கத்தையா அனுப்பினாள்? ஒரு தேளை அனுப்பினாள், அது கொட்டியது, ஆள் முடிந்தான். (ஆர்ட்டெமிஸ் தேவியிடம் அவன் அத்துமீறியதால் அவளே தேளை ஏவினாள் என்றும் ஒரு கதை உண்டு.) அப்புறம் இரண்டு பேரையும் வானத்தில் வைத்தார்கள், ஆனால் எதிரெதிர் மூலையில். கிழக்கே தேள் தலை தூக்கும்போது மேற்கே ஓரியன் இறங்கிவிடுவான், இன்றைக்கும் அப்படித்தான். நாம் திருவாதிரை என்கிறோமே, அது அந்த வேட்டைக்காரனுடைய தோளில் இருக்கிற நட்சத்திரம்.

சரி, இந்தக் கதையில் வன்மம் யாருக்கு? சவடால் விட்டவன் ஓரியன், கோபப்பட்டவள் கையா, தேள் சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். ஆனால் கெட்ட பெயர் மட்டும் அதற்கு! ரகசியக்காரர் என்ற பட்டமும் இப்படித்தான். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்று சொல்கிறோம், அதில் வாயைத் திறக்காமல் வலியை விழுங்குகிறவன் யார்? திருடன்தானே.

கிரேக்கர்களுக்கு முன்பே பாபிலோனியர்கள் அந்த நட்சத்திரக் கூட்டத்தைத் தேள் என்றுதான் அழைத்தார்கள். அவர்களுடைய பழைய கில்காமேஷ் காவியத்தில் சூரியன் போய்வருகிற மலைவாசலைத் தேள் மனிதர்கள் காவல் காக்கிறார்கள். வந்தவனை யார், எதற்கு வந்தாய் என்று விசாரிக்கிறார்கள், பாதை ஆபத்தானது என்று எச்சரிக்கிறார்கள், கடைசியில் வழி விடுகிறார்கள். என்னைக் கேட்டால் விருச்சிகத்துக்கு இந்தக் காவல்காரன் குணம்தான் பொருத்தம், ஆனால் ராசிபலன் எழுதுகிறவர்கள் யாரும் இதை எடுப்பதில்லை.

கோபக்காரர் என்ற பெயர் வந்ததற்கு நிறமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஜூன், ஜூலை இரவுகளில் தூண்டில் முள் மாதிரி வளைந்த நட்சத்திர வரிசை ஒன்று தெரியும், அதன் நெஞ்சுப் பகுதியில் செக்கச்செவேல் என்று ஒன்று மினுக்கும். அதுதான் கேட்டை. கிரேக்கர்கள் அதை அண்டாரெஸ் என்றார்கள், அதாவது ஏரிஸுக்கு எதிராளி, ஏரிஸ் என்பது போர்க்கடவுள், நம்முடைய செவ்வாய் கிரகம். நம் ஜோதிடத்திலும் விருச்சிகத்துக்கு அதிபதி செவ்வாய்தான். மனத்துக்குக் காரகனான சந்திரன் அங்கே நீசம். அதாவது உள்ளே மனசு கிடந்து அலைபாயும் என்று அர்த்தம். பழிவாங்குவார் என்பதைவிட இது எவ்வளவு கருணையான வாசிப்பு!

இதில் ஒரு குழப்பமும் இருக்கிறது. நாம் ராசி என்பது பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடம். ஆங்கிலப் பத்திரிகைகளில் வருவது சூரியன் நின்ற இடம், அக்டோபர் 23 முதல் நவம்பர் 21 வரை என்று போட்டிருப்பார்கள். உண்மையில் வானியலாளர்கள் வகுத்த எல்லைப்படி சூரியன் அந்த நட்சத்திரக் கூட்டத்தில் இருப்பது நவம்பர் கடைசியில் ஏறக்குறைய ஒரு வாரம்தான். அப்படியும் படிக்கிற ஒவ்வொருவருக்கும் "அட, என்னைப் பற்றித்தான்" என்று தோன்றுகிறது. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களிடம் இது உனக்காகவே எழுதிய குணவிவரம் என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். வாக்கியங்களில் பெரும்பகுதி ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

நிஜத் தேளையும் கொஞ்சம் பாருங்கள். கண் பார்வை மங்கல், மண்ணின் அதிர்வைக் காலால் உணர்ந்துதான் பிழைக்கிறது. சின்ன இரை என்றால் முன்னால் இருக்கிற இடுக்கியாலேயே நசுக்கிவிடும், விஷத்தை வீணாக்காது, தீர்ந்தால் மறுபடி ஊற நாளாகும். தாய்த்தேள் குட்டி போட்டதும் அத்தனையையும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். வெள்ளை வெளேரென்று அரிசி தூவின மாதிரி குட்டிகள் அப்பியிருக்கும், முதல் தோல் உரிக்கிற வரைக்கும் சுமக்கும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். பழைய கிரேக்கர்களின் வானத்தில் துலாம் இருந்த இடத்தில் தேளின் இடுக்கிகள்தான் இருந்தன. அங்கே இருக்கிற இரண்டு நட்சத்திரங்களின் அரபிப் பெயர்களுக்கு இன்றும் தெற்கு இடுக்கி, வடக்கு இடுக்கி என்றுதான் பொருள். அப்புறம் அந்த இடம் தராசுக்குப் போய்விட்டது. மன்னிக்கவே தெரியாது என்று பெயரெடுத்த தேள், நியாயத்துக்குப் பெயர்போன பக்கத்து வீட்டுத் துலாத்திடம் இரண்டு கையையும் பறிகொடுத்துவிட்டு, இரண்டாயிரம் வருஷமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை.