கட்டிலில் இருப்பவரைக் கேட்டீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். பக்கவாத நோயாளிகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருபவள் நான். சிகிச்சை முடிவுகளை எடுப்பது யார் என்று எந்த மருத்துவமனையில் கேட்டாலும் ‘வீட்டுக்காரர்கள்தான்’ என்பார்கள். முதல் சில மணி நேரத்துக்கு அது பெரும்பாலும் சரியே. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும் என்பதால், பேச முடியாதவருக்காக அருகில் இருப்பவர் சம்மதம் சொல்ல நேர்கிறது. அந்த அவசரம் தீர்ந்து பத்து நாளான பிறகும், மூக்குக்குழாய் தொடரட்டுமா, எந்த மகன் வீட்டில் தங்குவது என்பவற்றையெல்லாம் கட்டிலின் இருபுறமும் நின்று நாமே பேசி முடிக்கிறோம்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பேச்சிழப்பு ஏற்படுகிறது. வாயில் சொல் வராதே தவிர, இது வேண்டும், இது வேண்டாம் என்ற நினைப்பு அவரை விட்டுப் போவதில்லை.

நான் பார்த்த ஒரு தையற்காரருக்கு வலப்பக்கம் விழுந்து பேச்சும் போயிருந்தது. ‘அப்பா நடந்தால் போதும்’ என்றார் மகன். பயிற்சித் திட்டமும் அப்படியே எழுதப்பட்டது. அவரோ பயிற்சிக்கு அழைத்தாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருநாள் தெரு, சாப்பாட்டுத் தட்டு, கத்தரிக்கோல், கழிப்பறை ஆகிய நான்கு படங்களை அவர் முன் பரப்பினேன். இடக்கை விரலைக் கழிப்பறையின் மீது வைத்து, எடுக்காமல் அழுத்தினார். பிறகு சிறுநீர்க் குழாயைத் தொட்டுக் காட்டினார். மறுநாளிலிருந்து கட்டிலை விட்டு நாற்காலிக் கழிப்பறைக்கு மாறி உட்காரும் பயிற்சியை முதலில் வைத்தோம். அதற்கு அவர் தாமே எழுந்து காத்திருந்தார்.

இப்படிக் கேட்பதில் ஒரு சிக்கலும் உண்டு. பேச்சிழந்தவர் ‘ஆமாம்’ என்பதற்கு ‘இல்லை’ என்று தலையாட்டிவிடக்கூடும். ஆகவே ‘குழாயை எடுத்துவிடலாமா?’ என்று கேட்டவர், சற்றுப் பொறுத்து ‘குழாய் இருக்கட்டுமா?’ என்றும் கேட்க வேண்டும். இரண்டு பதிலும் பொருந்தினால்தான் அது அவருடைய பதில். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. மௌனத்தை நாம் பேசி நிரப்பக் கூடாது. உறவினர்களுக்கு இதுதான் மிகக் கடினம்.

சட்டமும் இதைப் பார்த்திருக்கிறது. மயக்க மருந்தின் பிடியில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாய் தந்த ஒப்புதல், உயிருக்கு ஆபத்தில்லாத அந்த நிலையில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சிழப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனாலும் ஒப்புதல் படிவம் உறவினர் கைக்கே போகிறது. ‘அவருக்குத்தான் கை வராதே’ என்கிறார்கள். வலக்கை விழுந்தவரிடமும் இடக்கைப் பெருவிரல் ரேகை வாங்கலாம். அதற்குமுன் படிவத்தில் உள்ளதை அவருக்குப் புரியும்படி படித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.