மசில் பிரேக்கை மாற்றலாமா? தொண்டி தம்பியின் கேள்வி

தொண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, மாமாவின் ரைபிளில் மசில் பிரேக் உப்புக்காற்றில் துருவேறிவிட்டது. நானே கழற்றி வேறு மாட்டலாமா?" மசில் பிரேக் என்பது துப்பாக்கிக் குழலின் முனையில் மாட்டும், பக்கங்களில் ஓட்டை உள்ள துண்டு. சுடும்போது தோளில் விழும் உதையைக் குறைக்கும். இரண்டு நாளாக இந்தக் கேள்வி மண்டையிலேயே நிற்கிறது.

நீங்கள் செய்யக் கூடாது தம்பி. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே லைசென்ஸ் வேண்டும். மாமாவே தன் துப்பாக்கி லைசென்ஸோடு கொண்டுபோய், பழுதுபார்க்க லைசென்ஸ் உள்ள கடையில் கொடுக்கட்டும். அங்கே ஒன்றை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: மாட்டியபின் பேரலுக்குள் நேர்கம்பி விட்டுப் பார்த்தீர்களா? பிரேக்கின் துளை குண்டைவிடச் சற்றுதான் பெரிது. மரை கொஞ்சம் கோணினாலும் குண்டு உரசும். பக்கத்து ஓட்டைகளும் இருபுறமும் சமமாக நிற்க வேண்டும். அதற்குத்தான் மெல்லிய வாஷர்கள். அப்புறம் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், குறி மறுபடி சரிபார்க்க வேண்டும், குண்டு விழும் இடம் மாறியிருக்கும்.

ஓட்டைகள் ஏன் சமமாக நிற்க வேண்டும்? பழைய நேயர்களுக்கு என் வள்ளம் தெரியும், மறுபடியும் சொல்கிறேன். வள்ளத்தின் முனையிலிருந்து கரைக்குக் குதித்தால் வள்ளம் பின்னால் போகும். பாம்பனில் சின்ன வயதில் அப்படிக் குதித்து, வள்ளம் நழுவி, முழங்கால் தண்ணீரில் விழுந்திருக்கிறேன். அதே வள்ளத்தில் இடமும் வலமும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் குதித்தால்? அது நின்ற இடத்திலேயே நிற்கும். குண்டுக்குப் பின்னால் சீறி வரும் வாயுவை பிரேக் அப்படித்தான் பிரித்து விடுகிறது. குண்டின் உதை எங்கும் போகாது, வாயுவின் உதைதான் குறையும்.

ஆனால் தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது காதைப் பற்றி. முன்னால் போக வேண்டிய சத்தம் பக்கத்துக்கும் பின்னுக்கும் வருகிறது. தோளுக்குக் கிடைத்த சுகத்துக்குக் காது விலை கொடுக்கிறது, அதுவும் பக்கத்தில் படுத்திருப்பவர் காது. ரைபிள் வெடிச் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140-க்கு மேல் ஒரே வெடி போதும், காது கெட.

ஒரு ரேஞ்சில் நான் பஞ்சை எடுத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். வலப்பக்கத்து ஆள் பிரேக் போட்ட ரைபிளால் ஒரே ஒரு வெடி போட்டார். மணல் முகத்தில் அடித்தது. ஊர் வந்து சேர்ந்தும் காதில் 'ஙொய்ங்' நிற்கவில்லை. மறுநாள் கரையில் அலைச் சத்தமே இடது காதால்தான் கேட்டேன். அதனால் மாமாவிடம் சொல்லுங்கள்: காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதுமூடி, இரண்டும். பக்கத்தில் நிற்கும் உங்களுக்கும் ஒரு ஜோடி வாங்கச் சொல்லுங்கள்.