கடை வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். நம் பெங்களூரில் ஸ்ரீராமபுரம், அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் படிப்பை முடித்ததும் சூப்பர் மார்க்கெட்டில் சேருகிறார்கள். அவர்களுக்கு வேலை பழக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. “சாமான் அடுக்குற வேலைதானே” என்று பெற்றோரே அலுத்துக்கொள்வார்கள்.

சரி, அடுக்குவதையே எடுத்துக்கொள்வோம். தயிர் பாக்கெட் வந்து இறங்குகிறது. அப்படியே முன்னால் வைத்தால் நேற்றைய சரக்கு பின்னால் கிடந்து தேதி தாண்டிவிடும். பழையதை வெளியே எடுத்து, தேதி பார்த்து, புதியதை உள்ளே தள்ளி, பழையதை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். விவரமான வாடிக்கையாளர் முழங்கை வரை கையை விட்டுப் பின்னால் இருப்பதைத்தான் உருவுவார். (வீட்டுக்கு வாங்கும்போது நானும் அப்படித்தான்.) கலைந்ததை மறுபடி அடுக்குவதற்குள் ஒருவர் கன்னடத்தில் உளுந்து கேட்பார், இன்னொருவர் இந்தியில் ஷாம்பு கேட்பார். நம் பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தந்த மொழியில் பதில் சொல்வார்கள். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது!

பில் போடும் இடத்துக்கு மாற்றினால், ஷிஃப்ட் தொடங்கும்போது கல்லாவுக்குக் கொடுக்கிற சில்லறையை எண்ணி வாங்குங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் கல்லாப் பணத்தை உங்கள் கண்முன்னே எண்ணச் சொல்லுங்கள். பெட்டியை அப்படியே கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினால், மறுநாள் 300 ரூபாய் குறைகிறது என்பார்கள். மறுத்துப் பேச உங்களிடம் எதுவும் இருக்காது.

அப்புறம், கால் வலி. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தின. இங்கே வேலை நேரத்துக்கும் ஓய்வுக்கும் சட்டம் இருக்கிறது: 1961ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள் சட்டப்படி நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு விட வேண்டும். பண்டிகைக் கூட்டத்தில் முதலில் பறிபோவது அந்த ஒரு மணி நேரம்தான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மாவையும் பதிந்தால் ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் அவர்களுக்கும் வைத்தியம் உண்டு. மாதாமாதம் பணம் கட்டிவிட்டு, காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக்கில் கடன் வாங்கிச் செலவு செய்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. சேர்ந்த வாரமே கேளுங்கள். வணக்கம்.