ஆட்டக்காரர் சொல்லும் குறை

நேயர்களுக்கு வணக்கம். இங்கே சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் கணினி விளையாட்டு வடிவமைப்பைக் கற்பிப்பவன் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். வீரராகவோ மந்திரவாதியாகவோ வேடமேற்று ஒரு மாய உலகில் உலவும் விளையாட்டுகளில், சண்டையையும் தேடலையும் கதையையும் குறித்து ஆடுகிறவர்கள் சொல்லும் கருத்துகளை எப்படி எடுத்துக்கொள்வது என்பதே இன்றைய பேச்சு. எங்கே இடிக்கிறது என்பதை ஆட்டக்காரர் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகிறார். ஏன் இடிக்கிறது, என்ன செய்தால் சரியாகும் என்று அவர் சொல்வதை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது என் கருத்து.

என் மாணவர்கள் தாங்கள் உருவாக்கிய ஒரு சிறு விளையாட்டை வெளியாட்களிடம் ஆடக் கொடுத்தார்கள். கருத்துப் படிவங்களில் பலரும் ஒரே குறையை எழுதியிருந்தார்கள்: நிலவறையில் வரும் பூதத்தை வீழ்த்தவே முடியவில்லை, அதன் பலத்தைக் குறையுங்கள். மாணவர்கள் உடனே எண்களை மாற்றக் கிளம்பிவிட்டார்கள். முதலில் திரைப்பதிவுகளைப் பாருங்கள் என்றேன். முந்தைய அறையில், படிக்கட்டுக்கு அடியில், பூதத்தை எரிப்பதற்கென்றே ஓர் எண்ணெய் ஜாடி வைக்கப்பட்டிருந்தது. அந்த மூலை இருட்டாகவும் எதிரே இருந்த கதவு திறந்தும் கிடந்ததால், ஆடியவர்கள் ஜாடியைக் காணாமலே நேராக ஓடிப்போய் அடி வாங்கினார்கள். ஜாடிக்கு மேலே ஒரு தீப்பந்தத்தைச் செருகினோம். பூதத்தின் மேல் கை வைக்கவில்லை. அடுத்த சுற்றில் அந்தப் புகாரே எழவில்லை. சண்டையைப் பற்றிச் சொல்லப்பட்ட குறை உண்மையில் தேடலில் இருந்தது.

பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளிலும் இதைக் காணலாம். 2006இல் வெளிவந்த ‘ஆப்லிவியன்’ விளையாட்டில், ஆட்டக்காரர் வளர வளர எதிரிகளும் கூடவே வளர்ந்தார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு சாதாரண வழிப்பறிக்காரன்கூட விலையுயர்ந்த கண்ணாடிக் கவசம் அணிந்து வந்து பொற்காசு கேட்டான். சண்டை சலிக்கிறது என்று பலர் குறைபட்டுக்கொண்டார்கள். ஆனால் அங்கே அதிகம் கெட்டது ஊர் சுற்றும் ஆசை என்பேன். அஞ்சி ஒதுங்க வேண்டிய குகையும் இல்லை, பலம் பெற்றபின் திரும்பிப் போய்ப் பழைய கணக்கைத் தீர்க்கும் இன்பமும் இல்லை என்றால், எந்தத் திசையில் நடந்தால்தான் என்ன?

2022 பிப்ரவரியில் வந்த ‘எல்டன் ரிங்’ இதற்கு நேர்மாறானது; தேடி அலைவதே அதில் பாதி ஆட்டம். செய்ய வேண்டிய பணிகளின் பட்டியல்கூட அதில் கிடையாது. வழியில் பேசிய ஒருவரை எங்கே பார்த்தோம் என்பதே மறந்துபோகிறது என்று பலர் முறையிட்டார்கள். மறு மாதமே, சந்தித்தவர்களின் இடம் வரைபடத்தில் பதிவாகும் வசதியைச் சேர்த்தார்கள். முதன்முறை தேடிக் கண்டுபிடிக்கும் சிரமத்தை அப்படியே விட்டுவிட்டு, மறதிக்கு மட்டும் மருந்து கொடுத்த அந்த அளவறிதல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கருத்துக் கேட்டே வளர்ந்த விளையாட்டு என்றால் ‘பால்டர்ஸ் கேட் 3’தான். பெல்ஜியத்தைச் சேர்ந்த லாரியன் நிறுவனம் அதன் முதல் அங்கத்தை 2020 அக்டோபரிலேயே விற்பனைக்கு விட்டது. முழு விளையாட்டு 2023 ஆகஸ்டில்தான் வந்தது. தொடக்கத்தில், உயரத்தில் நிற்பவர், அடி படுமா என்று முடிவுசெய்யும் இருபது முகப் பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்ததால், எந்தச் சண்டையானாலும் மேடேறுவதே முதல் வேலையானது. பின்னர் அதை வெறும் இரண்டு புள்ளிச் சலுகையாகச் சுருக்கினார்கள். இப்படி ஆண்டுக்கணக்கில் பலர் ஆடி ஆடி மெருகேறியது முதல் அங்கம் மட்டுமே; நகரத்தில் நடக்கும் கடைசி அங்கம் அந்த அளவுக்குச் சீராக இல்லை என்ற குறை வெளியீட்டுக்குப் பிறகு எழுந்ததில் வியப்பில்லை. கதை முடிந்த பிறகுதானே கதையைப் பற்றிய குறையைச் சொல்ல முடியும்?

அந்தக் கதையில் கார்லக் என்றொரு பெண் வருகிறாள். இதயத்துக்குப் பதிலாக நரகத்து எந்திரம் ஒன்று அவள் மார்பில் எரிகிறது. நரகத்துக்குத் திரும்பாவிட்டால் எரிந்து சாவாள். அவளைக் குணப்படுத்த வழி வையுங்கள் என்று ஆட்டக்காரர்கள் மன்றாடினார்கள். வெளியீடான அதே மாதக் கடைசியில் வந்த இரண்டாம் திருத்தத்தில் அவளுக்கு விரிவான புதிய முடிவுக் காட்சி ஒன்றைச் சேர்த்தார்கள். நவம்பரில், துணைவர்கள் எல்லோரும் மீண்டும் கூடும் இறுதிக் காட்சியையும் தந்தார்கள். அவசரமாக முடித்துவிட்டார்கள் என்ற மனக்குறை அதனால் பெரிதும் தணிந்தது. இதயத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கவில்லை. மன்றாடியவர்களுக்கு அதில் வருத்தம் இருக்கலாம். என்னைக் கேட்டால், அந்த ஒன்றை மறுத்ததால்தான் அவளைப் பற்றி இன்னமும் என் வகுப்பில் வாதாடுகிறார்கள்.