கொழும்பு 2022: ஒரு போராட்டம் எந்த இடத்தில் கைமீறியது?

[திரை: மேல் மாகாண வரைபடம். மிரிஹான, காலி முகத்திடல், அலரி மாளிகை, கோட்டை ஆகிய இடங்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன]

2022 மார்ச் 31. அன்று இலங்கையில் மின்வெட்டு 13 மணித்தியாலம். டீசலும் இல்லை, சமையல் எரிவாயுவும் இல்லை. கொழும்பின் புறநகரான மிரிஹானயில் ஜுபிலி கணுவ சந்தியில் கூடியவர்கள், அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் சொந்த வீடு இருக்கும் பெங்கிரிவத்தை வீதிக்கு நடந்தார்கள். அவர்களுக்குக் கட்சியும் இல்லை, தலைவரும் இல்லை. இரவு முடிவதற்குள் அந்த வீதியில் ஓர் இராணுவப் பேருந்து எரிந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து, காலி முகத்திடல் போராட்டக் களத்துக்குள் இராணுவம் புகுந்த ஜூலை 22 வரை நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு பிரதமர் விலகினார், ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனார், ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். மக்கள் கோபம் எல்லை மீறியதுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். கோபம் மார்ச் மாதமே முழுதாக இருந்தது. ஆனால் ஏப்ரலில் கொழும்பின் கடற்கரையோரத் திடலான காலி முகத்திடலில் ஆயிரக்கணக்கானோர் இரவு பகலாக இருந்தும் அந்தத் திடலில் பெரிய வன்முறை எதுவும் நடக்கவில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒவ்வொரு முறை வன்முறை ஒரு படி ஏறியபோதும், அதற்குச் சற்று முன்னால் யார் என்ன முடிவெடுத்தார்கள்?

[திரை: நாட்காட்டி. ஏப்ரல் 1, 2, 3 சிவப்பாகின்றன]

மிரிஹானவுக்கு அரசு கொடுத்த பதிலைப் பாருங்கள். ஏப்ரல் 1 அவசரகால நிலை. ஏப்ரல் 2 மாலை 6 மணியிலிருந்து 36 மணித்தியால ஊரடங்கு. ஏப்ரல் 3 பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் முடக்கம். அன்றே முடக்கத்தை நீக்க வேண்டி வந்தது. அன்றிரவே அமைச்சரவையும் பதவி விலகியது. ஊரடங்கு நடைமுறையில் இருந்தபோதே கொழும்பில் மக்கள் வீதிக்கு வந்துவிட்டார்கள். அமல்படுத்த முடியாத தடையைப் போட்டால் அடுத்த தடைக்கும் மதிப்பிருக்காது. ஜூலையில் இதே விடயம் திரும்பவும் நடந்தது, அதற்குப் பிறகு வருவோம்.

ஏப்ரல் 9 அன்று காலி முகத்திடலில், ஜனாதிபதி செயலகத்துக்கு முன்னால் கூடாரங்கள் எழுந்தன. அதுதான் 'கோட்டா கோ கம', அதாவது 'கோட்டா வெளியேறு' கிராமம். நூலகம், மருத்துவக் கூடாரம், சமையலறை எல்லாம் உள்ளே இயங்கின. பிறகு பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகை வாசலில், பிரதமர் மஹிந்தவை வெளியேறச் சொல்லும் 'மைனா கோ கம' முளைத்தது. இதற்கிடையே ஏப்ரல் 19 அன்று, தலைநகருக்கு வெளியே றம்புக்கனையில், எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து ரயில் பாதையை மறித்தவர்கள்மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார். இந்தப் போராட்ட காலத்தில் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியான முதல் உயிர் அது.

[திரை: அலரி மாளிகையிலிருந்து காலி முகத்திடல் வரை காலி வீதி. அம்புக்குறி வடக்கு நோக்கி நகர்கிறது]

இப்போது மே 9. இந்த நாளைப் புரிந்துகொள்ளாமல் மற்ற எதையும் புரிந்துகொள்ள முடியாது.

காலையில் அலரி மாளிகைக்குள் பிரதமர் மஹிந்த ராஜபக்சவின் ஆதரவாளர்களுக்கான கூட்டம். வெளியூர்களிலிருந்து பேருந்துகளில் ஆட்கள் வந்திருந்தார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தவர்கள், வாசலில் இருந்த மைனா கோ கமவை முதலில் தாக்கினார்கள். இந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து காலி முகத்திடல் கொள்ளுப்பிட்டி வழியாக ஏறக்குறைய இருபது நிமிட நடை. செல்லும் வழியோ ஒரே நேர்வீதி, ஒரு பக்கம் கடல். தடியும் இரும்புக் கம்பியும் ஏந்திய கும்பலை நிறுத்த அதைவிட வசதியான இடம் தலைநகரில் கிடைக்காது. பொலிஸாரும் இருந்தார்கள், நீர்த்தாரை வண்டியும் இருந்தது. பொலிஸ் வரிசை நிற்கவில்லை. கும்பல் அதைக் கடந்து போய்க் கூடாரங்களை எரித்தது. கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் வருவதற்குள் போராட்டக்காரர்கள் அடிபட்டுவிட்டார்கள்.

பொலிஸ் வரிசையின் வேலை ஒரு பக்கத்தை அடக்குவது அல்ல. இரண்டு தரப்புக்கும் நடுவில் இடைவெளியை வைத்திருப்பதுதான் அதன் முதல் வேலை. அடித்தவர்களை விட்டுவிட்டு அடிபட்டவர்களைப் பார்த்து நிற்கும் வரிசை, இனி உங்களைக் காக்க யாரும் இல்லை என்று கூட்டத்துக்குச் சொல்லிவிடுகிறது. தாக்குதல் நேரலையில் ஓடியது. நாடு முழுவதும் அதைப் பார்த்தது.

அடுத்த சில மணித்தியாலங்களில், வந்த பேருந்துகளைத் தேடிப் பிடித்து எரித்தார்கள். திரும்பிப் போனவர்களை வழிமறித்து அடித்தார்கள், பேர வாவிக்குள் தள்ளினார்கள். மஹிந்த அன்றே பதவி விலகினார், ஊரடங்கும் அறிவிக்கப்பட்டது. இரண்டும் காலம் கடந்து வந்தவை. நிட்டம்புவவில் நாடாளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரலவின் வாகனத்தைக் கூட்டம் மறித்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, பிறகு அவரும் அவருடைய பாதுகாப்பு உத்தியோகத்தரும் கொல்லப்பட்டார்கள். அவர் தற்கொலை செய்துகொண்டதாக முதலில் செய்தி பரவியது. அடித்துக் கொன்றதைப் பிரேத பரிசோதனை காட்டியது. மெதமுலனவில் ராஜபக்ச குடும்பத்தின் பூர்வீக வீடும், பல ஊர்களில் ஆளும் கட்சி அரசியல்வாதிகளின் வீடுகளும் அன்றிரவு எரிந்தன. காலையில் நடந்த தாக்குதல் இதற்கு நியாயம் ஆகாது. கூட்டமாகச் சேர்ந்து ஒருவரை அடித்துக் கொல்வதற்குப் போராட்டம் என்ற பெயரை யாரும் கொடுக்கக் கூடாது. மறுநாள் பாதுகாப்பு அமைச்சு, கொள்ளையடிப்பவர்களையும் உயிருக்குத் தீங்கு செய்பவர்களையும் கண்ட இடத்தில் சுட உத்தரவிட்டது. இருபது நிமிட நேர்வீதியில் எடுக்காத முடிவு, ஒரே நாளில் அந்த உத்தரவு வரைக்கும் கொண்டுவந்துவிட்டது.

[திரை: கண்ணீர்ப்புகைக் குண்டின் குறுக்குவெட்டு வரைபடம்]

இந்த நான்கு மாதமும் கொழும்பு மக்கள் சுவாசித்த பொருளைப் பற்றி ஒரு நிமிடம். கண்ணீர்ப்புகை உண்மையில் வாயு அல்ல. சிஎஸ் எனப்படும் நுண்ணிய தூள் அது. குண்டுக்குள் எரியும் கலவை அதைப் புகையாக வெளியே தள்ளுகிறது. காற்றைவிடக் கனமானதால் தரையோரம் தங்கும். அதனால் கீழே விழுந்தவருக்கும் குழந்தைகளுக்கும் பாதிப்பு கூடுதல். சில விநாடிகளில் எரிச்சல் தொடங்கும். நல்ல காற்றுக்கு வந்தால் பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் தணியும். ஆஸ்துமா உள்ளவருக்கு அப்படித் தணியும் என்று நம்பி இருக்கக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தவறு பெரும்பாலும் பயன்படுத்தும் முறையில்தான் நடக்கிறது. கலைந்து போகச் சொல்லும்போது போவதற்கு வழி இருக்க வேண்டும். மூன்று பக்கமும் தடுப்பு, நான்காவது பக்கம் புகை என்றால் கூட்டம் கலையாது, நெரியும். குண்டை வளைவாக மேலே சுட வேண்டும். நேராக ஆளைக் குறிவைத்தால் மண்டை உடையும், கண் போகும். மூடிய இடத்துக்குள் போடவே கூடாது. ஐ.நா. வழிகாட்டலும் இதைத்தான் சொல்கிறது.

புகைக்குள் அகப்பட்டவர் கண்ணைக் கசக்கக் கூடாது. காற்று வரும் திசையை நோக்கி, மேடான இடத்துக்கு நகர வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, சுத்தமான தண்ணீரை 10 முதல் 15 நிமிடம் கண்ணில் ஓடவிட வேண்டும். தூள் பட்ட சட்டையைத் தலைவழியாக இழுக்காமல் வெட்டி எடுப்பது நல்லது. பால், பற்பசை போன்றவற்றைப் பூச வேண்டாம். விழுந்து கிடக்கும் குண்டைக் கையால் தொட்டால் சுட்டுவிடும்.

[திரை: கோட்டை ரயில் நிலையம், சதாம் வீதி, ஜனாதிபதி மாளிகை]

ஜூலை 8 இரவு 9 மணிக்குக் கொழும்பிலும் சுற்றுப் பகுதிகளிலும் 'பொலிஸ் ஊரடங்கு' என்றார்கள். அப்படியொரு ஊரடங்கு இலங்கைச் சட்டத்தில் இல்லை. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி அந்த அதிகாரம் ஜனாதிபதிக்கு. சட்டத்தரணிகள் சங்கம் இதைச் சட்டவிரோதம் என்றது, மறுநாள் காலை நீக்கப்பட்டது. ஏப்ரலில் செய்த அதே பிழை. ஜூலை 9 அன்று ரயில்களிலும் லொறிகளிலும் வந்த கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு ஜனாதிபதி மாளிகைக்குள் போனது. அதற்கு முன்னரே கோட்டாபய வெளியேறியிருந்தார். உள்ளே போனவர்களில் பெரும்பாலானோர் சுற்றிப் பார்த்தார்கள், நீச்சல் குளத்தில் இறங்கினார்கள். ஆனால் அன்றிரவே பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவின் சொந்த வீடு எரிந்தது. அந்த வீட்டுக்கு வெளியே செய்தியாளர்களை விசேட அதிரடிப்படையினர் தாக்கிய காட்சி சற்று முன்னர்தான் நேரலையில் போயிருந்தது. ஒரே நாள், ஒரே கூட்டம். ஓர் இடத்தில் மாளிகையே கையில் கிடைத்தும் தீ வைக்கவில்லை, இன்னோர் இடத்தில் வீடு சாம்பலானது. தீ வைத்தவர்களின் குற்றம் குற்றம்தான், ஆனால் அதற்கு முன்னால் விழுந்த அடியை விட்டுவிட்டு அந்த இரவை விளக்க முடியாது.

ஜூலை 13 அன்று கோட்டாபய மாலைதீவுக்குப் பறந்தார். பிரதமர் அலுவலகம் கைப்பற்றப்பட்டது. பாராளுமன்றத்துக்குப் போகும் பொல்துவ சந்தியில் இராணுவத்தோடு மோதல் வந்தது. மறுநாள் சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதம் மின்னஞ்சலில் வந்தது.

[திரை: ஜூலை 22. கடிகாரம் நள்ளிரவைத் தாண்டுகிறது]

புதிய ஜனாதிபதியாக ரணில் பதவியேற்றது ஜூலை 21. அன்று நள்ளிரவுக்குப் பிறகு இராணுவமும் பொலிஸாரும் கோட்டா கோ கமவுக்குள் புகுந்தார்கள். ஜூலை 22 பிற்பகல் 2 மணிக்கு, தாங்கள் கைப்பற்றியிருந்த ஜனாதிபதி செயலகத்தைத் தாங்களே ஒப்படைப்பதாகப் போராட்டக்காரர்கள் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். இருட்டில், தூங்கிக்கொண்டிருப்பவர்கள் நடுவே எச்சரிக்கை போய்ச் சேராது. வெளியே போகும் வழி தெரியாது. யார் ஊடகவியலாளர், யார் சட்டத்தரணி, யார் காயப்பட்டவர் என்று பார்க்க முடியாது. ஏறக்குறைய ஐம்பது பேர் காயமடைந்தார்கள், ஒன்பது பேர் கைதானார்கள், ஒரு பிபிசி ஒளிப்பதிவாளரும் அடிவாங்கினார். மே 9 பகலில் அதே திடலைக் காக்க நிற்காத வரிசை, அன்றிரவு மட்டும் குலையாமல் நின்றது.